ஆடிக்கு முன் வந்த புதுப்பெண்: வலிப்பு மாத்திரையும் தள்ளிவைத்த கர்ப்பமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆனி மாதக் கடைசியில் மாமியாரோடு எங்கள் கிளினிக்குக்கு வந்த 23 வயதுப் பெண்ணைப் பற்றியது இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

சேலத்துக்கு மேற்கே, இளம்பிள்ளை பக்கத்து ஊர். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் நான்கு விசைத்தறிகள். கணவரும் மாமனாரும் கூலிக்குச் சேலை நெய்து கொடுக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் தார் சுற்றுவது (ஊடைநூலைக் குழலில் சுற்றுவது), நெய்த சேலையை மடித்து எண்ணி வைப்பது போன்ற வேலைகளைப் பார்க்கிறார்கள். கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் தறி ஓடும். ஆர்டர் நெருக்கினால் ராத்திரியும் ஓடும். இந்த ராத்திரி வேலை பின்னால் முக்கியமாக வருகிறது.

திருமணம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சொந்தத்தில் செய்த கல்யாணம் கிடையாது. மாமியார் கையில் ஏற்கெனவே வேறு இடத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. இரண்டு சினைப்பைகளிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் என்று அதில் எழுதியிருந்தது. "இன்னும் ஒண்ணும் தங்கல டாக்டரம்மா. கருமுட்டை வளர மாத்திரை குடுப்பாங்களாமே, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறதுக்குள்ள அதை எழுதிக் குடுங்க" என்றார். பக்கத்து வீட்டு மருமகளுக்கு அந்த மாத்திரையில்தான் தங்கியதாம்.

35 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு ஒரு வருடம் முழுதாக முயன்று பார்த்த பிறகுதான் குழந்தையின்மை என்ற பேச்சே எழ வேண்டும். எட்டு மாதம் என்பது அந்தக் கணக்குக்குள் வராது. ஆனால் மாதவிடாய் 45, 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றதால் மேற்கொண்டு பார்ப்பது நியாயமாகப் பட்டது.

முதல் சந்திப்பில் பார்த்தது

எடை 71 கிலோ, உயரம் 154 செ.மீ. கழுத்தின் பின்புறம் தோல் கருத்துத் தடித்திருந்தது. முடி கொட்டுவதாகச் சொன்னார். ரத்த அழுத்தம் 118/76. ஹீமோகுளோபின் 10.2 கிராம். தைராய்டும் சர்க்கரையும் சரி. கடைசி மாதவிடாய் ஏறத்தாழ ஐம்பது நாளுக்கு முன். சிறுநீர்க் கர்ப்பச் சோதனை நெகட்டிவ்.

இதுவரை எல்லாமே தினமும் பார்க்கும் நீர்க்கட்டிப் பிரச்சினை போலத்தான் இருந்தது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறயாம்மா?" என்று கேட்டேன். பெண் வாய் திறப்பதற்குள் மாமியார், "ஒண்ணும் இல்லைங்க, அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை" என்றார். பெண் தரையைப் பார்த்தார்.

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பம், கருத்தடை, மாதவிடாய் எதுவானாலும், வரும் பெண்ணைக் கொஞ்ச நேரம் தனியாகப் பார்க்காமல் அனுப்புவதில்லை. கூட வந்தவர்கள் சந்தேகப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்கிறோம். எடை பார்க்க, சிறுநீர் கொடுக்க, ஊசி போட என்று நர்ஸ் உள்ளே அழைத்துப் போவார். கதவு சாத்தியதும் அதே கேள்வியை மறுபடி கேட்பார்.

அன்றும் கேட்டார். அந்தப் பெண் ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையில் மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். சோடியம் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து, 500 மி.கி., காலையும் இரவும்.

தனியாகப் பேசியபோது தெரிந்தது

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ராத்திரி கண்விழித்துப் படித்த நாட்களில் முதல் வலிப்பு, விடியற்காலையில். அதற்கும் முன்னாலிருந்தே காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும். பல் தேய்க்கும் பிரஷ் பறந்து விழும், காப்பி டம்ளர் நழுவும். யாரும் அதை நோயாக நினைக்கவில்லை, "கை பதனம் இல்லாத புள்ளை" என்று திட்டியதோடு சரி. பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பின் அச்சு அசலான கதை இது. தூக்கம் கெட்டால் கிளம்பும், விடிந்ததும் தாக்கும்.

அப்போது பார்த்த மருத்துவர் வால்புரோயேட் கொடுத்தார். இந்த வகை வலிப்புக்கு அதைப்போல் கட்டுப்படுத்தும் மருந்து குறைவு. 19 வயதில் கோயில் பண்டிகைக்காக இரண்டு நாள் மாத்திரையை விட்டு, ராத்திரியும் விழித்ததில் ஒருமுறை வலிப்பு வந்தது. அதன் பிறகு இல்லை. எப்போதாவது காலையில் கை வெட்டுவதோடு நின்றுவிடும். டாக்டரிடம் போவதும் நின்றுவிட்டது. பழைய சீட்டைக் காட்டி ஊரில் மெடிக்கல் ஷாப்பில் அப்பா வாங்கி வைப்பார், அம்மா பார்க்க வரும்போது முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொடுப்பார்.

மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தெரியாது. "தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு அப்பா சொல்லிட்டாங்க" என்றார். கணவருக்கு? தலையை ஆட்டினார், இல்லை என்று.

இதற்குப் பிறகு நீர்க்கட்டி ரிப்போர்ட்டை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருந்தது. இளம் வயதிலிருந்து வால்புரோயேட் சாப்பிடும் பெண்களில் எடை கூடுவது, மாதவிடாய் தள்ளிப்போவது, சினைப்பையில் நீர்க்கட்டி தெரிவது, முடி கொட்டுவது எல்லாம் அதிகம். மாமியார் எந்தக் குறைக்கு மாத்திரை கேட்டாரோ, அந்தக் குறையிலேயே இந்த ஒளித்துவைத்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

கருமுட்டை வளர மாத்திரை தரவில்லை. தந்திருந்தால் வால்புரோயேட் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே கரு தங்கியிருக்கலாம். கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பெரிய உடற்குறை இருக்கிறது. பொதுவாக இந்தக் கணக்கு 2 அல்லது 3 தான். முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது, இதயக் குறை, அன்னப்பிளவு ஆகியவை அதில் வரும். பார்த்தால் நன்றாகத் தெரியும் குழந்தைகளிலும் நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும். இவர் சாப்பிட்டது நாளொன்றுக்கு 1000 மி.கி. கருத்தடைத் திட்டம் கையில் இல்லாமல் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதைத் தரக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018-இல் விதியே போட்டது. நம் ஊரில் பத்து வருடப் பழைய சீட்டுக்கும் கடையில் கிடைக்கிறது.

கரு உருவாகி 28 நாளுக்குள் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, கார்டு வாங்கிப் பார்த்து, செவிலியரிடம் பதிவு செய்யப் போகும் நேரத்தில் அந்த வேலை முடிந்திருக்கும். கர்ப்பிணிப் பதிவுக்குப் பிறகு கண்டுபிடித்தால் ஸ்கேனில் குறையைத் தேடலாமே தவிரத் தடுக்க முடியாது. முழுத்திட்டத்தையும் கர்ப்பத்துக்கு முன்னால் வைத்தது இதனால்தான்.

அதே சமயம் வால்புரோயேட்டை அன்றே நிறுத்தவும் இல்லை. இதை அந்தப் பெண்ணுக்கு நான்கைந்து தடவை சொன்னேன். குழந்தைக்குக் கெடுதல் என்று காதில் விழுந்த உடனே மாத்திரையைக் குப்பையில் போடும் பெண்கள் இருக்கிறார்கள். திடீரென்று விட்டால் தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினமும் தொடங்கினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அது அரை மி.கி. தான். 5 மி.கி. சாப்பிட்டால் வால்புரோயேட்டின் கெடுதல் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்குச் சான்று இல்லை. ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குவது வலிப்பு உள்ள எல்லாப் பெண்களுக்கும் சொல்லப்படும் முறை.

வால்புரோயேட்டிலிருந்து வேறு வலிப்பு மருந்துக்கு மெல்ல மாற்றி முடியும்வரை கர்ப்பம் கூடாது, ஆனால் வீடோ குழந்தைக்குக் காத்திருக்கிறது. இதற்குத்தான் அதிகம் யோசித்தோம். காப்பர்-டி நல்ல பாதுகாப்பு. ஆனால் ரத்தசோகை இருக்கும்போது உதிரப்போக்கு கூடலாம், ஒரு வருடத்துக்குள் எடுக்கவும் வேண்டும். மூன்று மாத ஊசி போட்டால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் தாமதமாகும். காண்டத்துக்குக் கணவரின் ஒத்துழைப்பு வேண்டும். மிஞ்சியது கருத்தடை மாத்திரை. ரத்த அழுத்தம் சரி, ஒற்றைத் தலைவலி இல்லை. அது மாதவிடாயையும் சீராக்கும். வால்புரோயேட்டோ, அதற்குப் பதில் யோசித்த லெவெட்டிராசெட்டமோ கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைப்பதில்லை. லாமோட்ரிஜின் என்ற இன்னொரு மருந்தை ஒதுக்க இது ஒரு காரணம்: கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் அதன் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். தவிர, கை வெட்டுவதை அது சிலருக்குக் கூட்டும்.

ஆடி மாதம் இந்த இடத்தில் கைகொடுத்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மாதம் வைத்திருக்கும் வழக்கம் எங்களுக்குக் கால அவகாசமாக அமைந்தது. கணவரோடு சேர்க்கை இல்லை; மூன்று வாரம் கழித்து மறுபடி கர்ப்பச் சோதனை செய்து, நெகட்டிவ் என்று உறுதியானதும் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரையைத் தொடங்கலாம்; நோயைத் தெரிந்த அப்பா, அம்மா கண்ணெதிரே புது மருந்தும் தொடங்கலாம்.

மாமியாரிடம், "மாசா மாசம் ஒழுங்கா வரணும், ரத்தம் ஏறணும், எடை குறையணும். அதுக்கு அப்புறம்தான் குழந்தை மாத்திரை பத்திப் பேச்சு" என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. நோயாளி அந்தப் பெண். அவர் அனுமதி இல்லாமல் அவர் நோயை அடுத்தவரிடம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, அந்த அடுத்தவர் ஃபீஸ் கட்டுகிறவராக இருந்தாலும்.

கணவரிடம் சொன்னது

கணவருக்குத் தெரியாமல் இதை நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கப்போகிறவர் அவர்தான். அந்தப் பெண்ணுக்கோ, அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொல்லியிருந்த வார்த்தையை 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது என்று சொன்னேன். கூடவே, மறைத்ததை மோசடி என்று வாதாடுகிறவர்களும் உண்டு, சட்டத்தை மட்டும் நம்பி நாளைத் தள்ள வேண்டாம் என்றும் சொன்னேன். எப்போது, எங்கே, யார் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டோம்.

ஆடிப்பெருக்குக்கு மாமனார் வீட்டுக்கு வந்த கணவரை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். என் முன்னால் அந்தப் பெண்ணே சொன்னார். கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது, "பொறக்கிற குழந்தைக்கும் வருமா மேடம்?" பத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்றேன். அடுத்து, "இது குணமாகுமா?" இந்த வகை பெரும்பாலும் மருந்தில் அடங்கி இருக்கும், நீண்ட நாள் சாப்பிட வேண்டிவரும் என்றேன். கோபம் மாமனார் மீது வந்தது, மனைவி மீது வரவில்லை. தன் அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரே சொன்னார்.

அன்றே அவருக்கு முதலுதவி கற்றுக்கொடுத்தோம். ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் இரும்பு கொடுத்து நேரம் கழிக்காதே, கடிகாரம் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மாத்திரை மாறிய மாதங்கள்

சேலத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பார்த்தார். மூளை அலைப் பதிவு சந்தேகத்தை உறுதி செய்தது. லெவெட்டிராசெட்டம் 250 மி.கி. இருவேளை தொடங்கி 500-க்கு உயர்த்துவது, அது நிலைத்ததும் வால்புரோயேட்டை இரண்டு வாரத்துக்கு 200 மி.கி. வீதம் குறைப்பது என்று திட்டம். புது மருந்தில் கட்டுப்படாவிட்டால் வால்புரோயேட்டுக்கே திரும்பி, எவ்வளவு குறைந்த டோஸில் முடியுமோ அதில் நிறுத்திப் பார்ப்பது என்பதையும் அவர் முன்கூட்டியே அந்தத் தம்பதியிடம் பேசினார்.

ஆவணியில் புகுந்த வீடு திரும்பிய கொஞ்ச நாளில் ஒரு சிக்கல். கணவர் போனில், "எதுக்கெடுத்தாலும் சுள்ளுன்னு விழறா, அம்மாகூட தினமும் சண்டை" என்றார். லெவெட்டிராசெட்டத்தின் தெரிந்த பக்கவிளைவு எரிச்சலும் மனச்சோர்வும். இதை நாங்கள் சொல்லியிருந்ததால்தான் கணவருக்கு மாத்திரை மேல் சந்தேகம் வந்தது. இல்லாவிட்டால் இது மாமியார்-மருமகள் சண்டையாகவே போயிருக்கும், யாரும் டாக்டரிடம் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அழைத்துப் பேசினோம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டோம், இல்லை. அளவை ஏற்றும் வேகத்தை நரம்பியல் மருத்துவர் குறைத்தார். மூன்று, நான்கு வாரத்தில் எரிச்சல் தணிந்தது.

ஐப்பசி தொடக்கத்தில் வால்புரோயேட் முழுதாக நின்றது. அப்புறம் தீபாவளி ஆர்டர். இரண்டு ராத்திரி தொடர்ந்து தறி ஓடியது, அந்தப் பெண்ணும் விழித்துத் தார் சுற்றினார். மூன்றாம் நாள் விடியற்காலை அடுப்படியில் வலிப்பு. நல்லவேளையாக அடுப்பு பற்றவைக்கவில்லை. மாமியார் ஓடிவந்து கையில் பீரோ சாவியைத் திணித்திருக்கிறார். கணவர் சாவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்த்திருக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் நின்றது.

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?" என்று மாமியார் கேட்ட இடத்தில் ரகசியம் உடைந்தது. அடுத்த நாள் மூன்று பேரும் வந்தார்கள். மாமியார் நிறைய அழுதார், சம்பந்தி வீட்டாரைத் திட்டினார், என்னையும் "நீங்களும் சொல்லலையே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லியிருக்க முடியாது என்பதும் அப்படியே இருக்கிறது. சம்பந்திகளோடு பேச்சு நின்றுபோனது. ஆனால் மருமகளை அனுப்பும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

லெவெட்டிராசெட்டம் 750 மி.கி. இருவேளையாக உயர்ந்தது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது தூக்கத்தை. இவருக்கு ராத்திரி வேலை கூடவே கூடாது என்று குடும்பத்தையே உட்காரவைத்துப் பேசினோம். சும்மா படுத்திருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் தறி தடதடத்தால் தூக்கம் வராது. நாத்தனார் வீடு அடுத்த தெருவில்; ஆர்டர் நெருக்கும் நாட்களில் அங்கே போய்ப் படுப்பது என்று முடிவானது. பெல்ட் ஓடும் தறிக்குப் பக்கத்தில் வேலை வேண்டாம், குளியலறையில் தாழ்ப்பாள் வேண்டாம் என்பதும் சேர்ந்தது.

கர்ப்பமும் பிரசவமும்

புது மருந்தில் ஆறு மாதம் வலிப்பில்லாமல் போனால் முயலலாம் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருந்தார். சித்திரையில் மாலா-என் நிறுத்தினோம். எடை அதற்குள் ஐந்து கிலோ குறைந்து, ஹீமோகுளோபின் 11.8-க்கு வந்திருந்தது. மாதவிடாய் தானாகவே 32, 35 நாளுக்கு வரத் தொடங்கியது. கருமுட்டை வளர மாத்திரை தேவைப்படவில்லை. நாலாவது மாதத்தில் தங்கியது.

முதல் மும்மாத ஸ்கேனும், 19-ஆவது வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனும் சரியாக இருந்தன. ஐந்தாம் மாதம் காலையில் கை வெட்டுவது லேசாகத் திரும்பியது. கர்ப்பத்தில் சிறுநீரகம் லெவெட்டிராசெட்டத்தை வேகமாக வெளியேற்றும், சாப்பிடும் அளவு மாறாவிட்டாலும் ரத்தத்தில் அளவு இறங்கும். 1000 மி.கி. இருவேளையாக ஏற்றியதும் அடங்கியது.

வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் நடக்கும் வலிப்பு-கர்ப்பப் பதிவேடு காட்டுவதும், இப்படிப்பட்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது என்பதைத்தான். சேலத்தில் அரசு மருத்துவமனையில் 38-ஆவது வாரம் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.8 கிலோ. வலி எடுத்த நேரத்திலும் மாத்திரை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் பெரிதாக எழுதி அனுப்பியிருந்தோம், மாமியார் அதைப் பிரசவ அறை நர்ஸிடம் இரண்டு முறை காட்டினாராம்.

பிரசவத்துக்குப் பின் மருந்தளவைப் பழையபடி 750-க்குக் குறைத்தார்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடை இல்லை. ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து மாமியார் புகட்டுகிறார், அந்தப் பெண் தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது தூங்குவதற்கு. குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டுவதில்லை. துணி மாற்றுவது கட்டிலில் வைத்து அல்ல, தரையில் பாய் விரித்து. ஆறாவது வாரம் காப்பர்-டி போட்டுக்கொண்டார்.

அடுத்து என்ன மாற வேண்டும்

15 வயதில் வால்புரோயேட் எழுதியதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பின் எட்டு வருடம் யாரும் மறுபடி கேட்கவில்லை என்பதுதான் இடைவெளி. ஜாதகம் எடுக்கும்போதும், கல்யாணத் தேதி குறித்ததும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசியிருந்தால், மருந்து மாற்றத்தைத் தாய்வீட்டிலேயே நிதானமாக முடித்திருக்கலாம். எங்கள் கிளினிக்கில் இப்போது வலிப்பு மருந்து சாப்பிடும் பெண் யார் வந்தாலும், சளிக்கு வந்தாலும்கூட, கர்ப்பம் பற்றிய திட்டத்தைக் கேட்டுச் சீட்டில் குறிக்கிறோம்.

மெடிக்கல் ஷாப்காரர்களிடமும் பேசிப் பார்த்தோம். பழைய சீட்டுக்குத் தராவிட்டால் வலிப்பு வந்துவிடுமே என்று அவர்கள் பயப்படுவது புரிகிறது. மறுத்து அனுப்புவதும் ஆபத்துதான். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "கல்யாணம் ஆகப்போகுதுன்னா டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லச் சிலர் ஒத்துக்கொண்டார்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு (குழந்தை பெறும் வயதில் உள்ள தம்பதியரின் பட்டியல்) இருக்கிறது. புதிதாகக் கல்யாணமான வீடுகளுக்கு முதலில் போகிறவர் அவர்தான். கருத்தடை விவரத்தோடு, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை என்ன என்பதையும் தனியாக வைத்துக் கேட்டு அதில் எழுதினால், வலிப்பு மட்டுமில்லாமல் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்களும் கர்ப்பத்துக்கு முன்பே கண்ணில் படுவார்கள். எங்கள் பகுதிச் செவிலியர் ஒருவர் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறார். அச்சடித்த பத்தி வந்தால் நல்லது. பதிவேடு வீட்டில் பலர் கண்ணில் படும் பொருள் என்பதால், மருந்தின் பெயரை எழுதாமல் ஒரு குறியீடு மட்டும் போடும்படி கேட்டிருக்கிறோம்.